உடைந்த ஊசி நோட்டு: மெஷின் சாமான் ஆன்லைனிலா, கடையிலா?

எங்கள் பவர் டேபிளில், அதாவது கூலிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் ஷெட்டில், ஒரு நோட்டு இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நூறு பக்க நோட்டுதான். ஊசி உடைந்தால் டைலர் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி என்னிடம் கொண்டுவந்து தர வேண்டும். அதை நோட்டில் வைத்து செலோ டேப் ஒட்டி, தேதி, எந்த மெஷின், யார் ஓட்டியது என்று எழுதிவிட்டுத்தான் புது ஊசி கொடுப்பேன். ஒரு துண்டு குறைந்தாலும் கிடையாது. காந்தத்தை எடுத்துக்கொண்டு தரை, மடி, பீஸ் கட்டு என்று எல்லாரும் தேடுவோம். தைப்பது குழந்தைகள் பனியன். ஊசி முனை ஒன்று தையலுக்குள் மாட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இது கட்டாயம். எங்களைப் போன்ற ஜாப் ஒர்க்காரர்களிடமும் பார்ட்டி, அதாவது வேலை கொடுக்கிறவர், வந்தால் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

சாதாரணமாக ஒரு பக்கம் நிறைய இரண்டு வாரம் ஆகும். 2022 ஜூலையில் பன்னிரண்டு நாளில் ஐந்து பக்கம் போயிருக்கிறது. இப்போதும் அந்தப் பக்கங்களைத் திருப்பினால் வயிறு எரியும்.

எங்கள் ஷெட் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கம். வீட்டை ஒட்டித் தகரம் போட்டு ஆறு மெஷின்: இரண்டு சிங்கர், ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மூன்று, மடிப்புத் தைக்கும் பேட்லாக் ஒன்று. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: திருப்பூரில் சிங்கர் என்றால் கம்பெனிப் பெயர் இல்லை, நேர்த்தையல் போடும் எந்த மெஷினுக்கும் அதுதான் பெயர். ஃபிளாட்லாக் எங்கள் வாயில் பேட்லாக் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் சாயப்பட்டறை வேலைக்குப் போகிறார். ஆகவே நூல், ஊசி, ஆயில், எலாஸ்டிக், ஸ்பேர் என்று எது வாங்குவதானாலும் என் தலையில்தான். 2016-இல் ஆரம்பித்ததிலிருந்து 2020 ஊரடங்கு வரைக்கும் எல்லாமே டவுனில் கடையில்தான் வாங்கினேன். அந்த வருடம் முகக்கவசம் தைத்தோம். எலாஸ்டிக்குக்கு ஊரே அலைந்தபோதுதான் முதன்முதலாக ஃபோனில் ஆர்டர் போட்டேன். வந்து சேர்ந்தது. அதோடு பழக்கம் தொற்றிக்கொண்டது.

ஜூலைக் கதைக்கு வருகிறேன். ஆன்லைனில் சிங்கர் ஊசி, நாங்கள் வழக்கமாகப் போடும் அதே கம்பெனிப் பெயர், அதே கலர் பாக்கெட். கடையில் ஒரு பாக்கெட் வாங்கும் காசுக்கு அங்கே இரண்டு பாக்கெட். இருபது பாக்கெட் போட்டேன். 900 ரூபாய் மிச்சம் என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். ஊசி மாற்றின மூன்றாம் நாளிலிருந்து சிங்கர் இரண்டிலும் டக் டக்கென்று உடைய ஆரம்பித்தது. டைலர்களைத் திட்டினேன். "நீ இழுத்து ஓட்டறே, துணியை இழுக்காதே" என்றேன். மெக்கானிக்கை வரவழைத்து டைமிங், அதாவது ஊசியும் கொக்கியும் சேரும் கணக்கு, பார்க்கச் சொன்னேன். அவர் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு "டைமிங் கரெக்டா இருக்குதுங்க" என்று போய்விட்டார்.

எங்களிடம் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் வயதான டைலர் அக்காதான் அடுத்த நாள் டீ நேரத்தில், "கண்ணு, ஒரு ஊசிய எடுத்து உருட்டிப் பாரு" என்றார். ஃபோன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதன்மேல் ஊசியை வைத்து விரலால் மெல்ல உருட்டினோம். நல்ல ஊசி உருண்டால் முனை ஒரே இடத்தில் நிற்கும். இது ஆடியது. ஒரு பாக்கெட்டில் இருக்கும் பத்தில் நாலு ஆடியது. அப்புறம் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழுத்தார். வெள்ளைக் கோடு விழுந்தது. முனை வழவழப்பாக இருந்தால் கோடு விழாது. ஊசிக் கட்டையில், அதாவது மெஷினில் மாட்டும் தடித்த பகுதியில், நம்பர் குத்தியிருப்பதைப் பழைய ஊசியோடு ஒப்பிட்டேன். பழையதில் பளிச்சென்று படிக்க முடிந்தது. புதியதில் அழித்து எழுதின மாதிரி ஒரு கீறல்.

ஊசி உடைவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத சேதம் பின்னால் வந்தது. பின்னல் துணிக்கு முனை கொஞ்சம் உருண்டையாக இருக்கும் பால் பாயின்ட் ஊசி போட வேண்டும். அது கண்ணியை விலக்கிவிட்டு உள்ளே போகும். முனையில் பிசிறு இருந்தால் கண்ணியை அறுத்துக்கொண்டு போகும். தைக்கும்போது ஒன்றும் தெரியாது. துணியை இழுத்தாலோ தண்ணீரில் போட்டாலோ தையல் ஓரமாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். பார்ட்டி அறுபது பீஸைத் திருப்பி அனுப்பினார். எங்களுக்கு ஒரு பீஸுக்கு வருவது தையல் கூலி சில ரூபாய். டேமேஜ் என்று பிடித்தால் துணி, சாயம், பிரிண்டிங் எல்லாம் சேர்த்துப் பிடிப்பார்கள். 900 மிச்சம் பிடிக்கப் போய் 6,600 போயிற்று. மெக்கானிக் 300 தனி.

விற்றவர் மீது புகார் போட்டேனா என்றால், போடவில்லை. திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள். ஊசி கெட்டது என்று நான் கண்டுபிடித்தது பதின்மூன்றாம் நாள். இது ஆன்லைனில் ஊசி, நூல், ஆயில் மாதிரித் தேய்ந்து தீரும் சாமான் வாங்குகிறவர்களுக்கெல்லாம் பொதுவான தொல்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், ஓட்டிப் பார்ப்பதற்குள் கெடு முடிந்துவிடும். இப்போது எது வந்தாலும் வந்த அன்றைக்கே ஒரு மெஷினில் போட்டு அரை நாள் ஓட்டிவிடுகிறேன். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பாக்கெட். அங்கே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களைப் படிப்பதில்லை, அவர்கள் பார்சலைப் பிரித்த கையோடு போட்டவர்கள். இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டு ஃபோட்டோவும் வைத்திருப்பவர்தான் நிஜமாக மெஷினில் மாட்டிப் பார்த்தவர்.

இதற்கு முன்பே ஊசியில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், ஆனால் அது என் தப்பு. "தையல் மெஷின் ஊசி" என்று தேடி, படத்தைப் பார்த்து நூறு ஊசி வாங்கினேன். வந்தது எச்ஏ-1. வீட்டு மெஷினுக்கு உள்ளது. அதன் கட்டை ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். கம்பெனி சிங்கருக்கு டிபி-1, அதன் கட்டை முழு உருண்டை. ஓவர்லாக்குக்கு டிசி-27, பேட்லாக்குக்கு யூஒய்-128. படத்தில் எல்லா ஊசியும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்கு அப்புறம் சைஸ் வேறு. 75/11 என்றால் 75 என்பது ஊசித் தண்டின் தடிமன், அதாவது 0.75 மில்லிமீட்டர். 11 அதே தடிமனுக்கு இன்னொரு கணக்கில் உள்ள நம்பர். கடையில் இத்தனை வருடம் "ஓவர்லாக்குக்குப் பதினொன்னு குடுங்க" என்று மட்டும் சொல்லி வாங்கியவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மீதியைக் கடைக்கார அண்ணன் மனசில் வைத்திருந்தார். அந்த நூறு ஊசியும் வீண் போகவில்லை. மாமியாரிடம் ஒரு கால்மிதி மெஷின் இருக்கிறது, அதற்குச் சரியாகப் பொருந்தியது. இன்னும் தீரவில்லை.

அந்தக் கால்மிதி மெஷினுக்குத்தான் ஆன்லைனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பாபின் சுற்றும் பகுதியில் ஒரு சின்ன ரப்பர் வளையமும் ஒரு ஸ்பிரிங்கும் போய்விட்டது. டவுனில் நாலு கடை ஏறி இறங்கினேன். "அதெல்லாம் இப்ப யாருங்க வாங்கறா" என்று ஒருவர் சிரித்தே அனுப்பினார். திருப்பூரில் ஸ்பேர் கடை என்றால் பனியன் கம்பெனி மெஷினுக்குத்தான். ஒரு மாதத்தில் இருபது விற்கும் சாமானை வைப்பார்களா, இரண்டு வருடத்துக்கு ஒன்று விற்கும் சாமானை வைப்பார்களா? ஆன்லைனில் தேடினால் லூதியானாவிலிருந்து ஒருவர் அந்த மெஷினுக்கு ஆணி முதல் தோல் பெல்ட் வரை தனித்தனியாக விற்கிறார். லூதியானாவில் வீட்டுத் தையல் மெஷின் செய்வது பெரிய தொழில், அங்கே இன்றும் இந்த சாமான்களை வார்க்கிறார்கள். ஆறு நாளில் வந்தது. மாமியார் அதை மாட்டிவிட்டு, "ஊசி வாங்கத் தெரியாட்டியும் இது வாங்கத் தெரிஞ்சிருக்குது" என்றார்.

இனி கடைப் பக்கம். நூல் மட்டும் நான் ஒருநாளும் ஃபோனில் வாங்க மாட்டேன். வெள்ளையும் கறுப்பும் வாங்கலாம், அதுகூட ஒரே தடவையில் சாயம் போட்ட லாட்டில் கோன் (நூல் சுற்றிய கூம்பு) வருமா என்று சொல்ல முடியாது. கலர் நூலுக்குக் கையில் துணி வேண்டும். பனியன் சந்தையான காதர்பேட்டைக்குப் போகும் வழியில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் செய்வதைச் சொல்கிறேன். துணித் துண்டைக் கொடுத்தால், ஷேடு கார்டைப் புரட்டி இரண்டு மூன்று கோனை எடுத்துப் போடுவார். கோனைத் துணி மேல் வைத்துப் பார்க்க மாட்டார். கோனிலிருந்து ஒரே ஒரு இழையை உருவித் துணி மேல் குறுக்கே போடுவார். ஏன் என்றால் கோனில் நூல் அடுக்கடுக்காக இருப்பதால் நிறம் அடர்த்தியாகத் தெரியும், தைத்தால் ஒற்றை இழையாக வெளுத்துத் தெரியும். அப்புறம் டியூப் லைட்டுக்கு அடியில் பார்த்துவிட்டு, "வாங்க அம்மிணி, வெளிய போலாம்" என்று துணியோடு வாசலுக்கு வருவார். வெயிலில் ஒருமுறை. உள்ளே அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்த மெரூன் வெளியே வந்ததும் ஒன்று செங்கல், ஒன்று பீட்ரூட். ஒரே துணி, ஒரே நூல், வெளிச்சம் மாறினால் நிறம் மாறும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே பல விளக்கு வைத்த பெட்டி இருக்கிறது. எங்களுக்குக் கடை வாசல்தான். இதை எந்த ஃபோன் திரையில் பார்ப்பது?

ஆயிலும் அப்படித்தான். மெஷினுக்கு ஊற்றும் வெள்ளை ஆயில் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். ஆன்லைனில் ஐந்து லிட்டர் கேன் வாங்கினேன். வரும்போது வெள்ளை. இரண்டு மாதத்தில் கேனுக்குள்ளேயே மஞ்சளாகிவிட்டது. ஓவர்லாக்கில் ஆயில் தெறித்துப் பீஸில் பட்டால், நல்ல ஆயில் என்றால் கறை எடுக்கும் கெமிக்கல் அடித்தால் போகும். மஞ்சள் ஆயில் வட்டம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். மீதியைக் கதவு கீலுக்கும் சைக்கிள் செயினுக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

கடைக்காரர்கள் எல்லாரும் தர்மவான்கள் என்று சொல்ல வரவில்லை. இன்னொரு கடையில், பெயர் வேண்டாம், ஓவர்லாக்குக்கு லூப்பர், அதாவது நூலைப் பின்னிக் கொடுக்கும் கொக்கி, கேட்டேன். ஒரிஜினல் என்று ஒரிஜினல் விலையே வாங்கினார். பத்து நாளில் முனை தேய்ந்து தையல் விட ஆரம்பித்தது. எடுத்துக்கொண்டு போனால், "மாட்டினவங்க சரியா மாட்டலீங்க" என்றார். பில் கேட்டேன், முதலில் கொடுத்திருந்தது வெறும் துண்டுச் சீட்டு. இதைவிட மனசில் நிற்பது வேறு. சர்வோ மோட்டார் விசாரிக்கப் போனபோது, "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க, அவங்ககிட்ட சொன்னாத்தான் புரியும்" என்றார் அதே ஆள். வீட்டுக்காரருக்குச் சாயத்தின் சூடு தெரியும், மோட்டாரில் ஒரு நட்டும் தெரியாது. நான் ஒன்றும் பேசாமல் படியிறங்கி, பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே ஃபோனில் மோட்டார் ஆர்டர் போட்டேன். ஃபோனில் வாங்கினால் யாரும் ஆம்பளையை வரச் சொல்வதில்லை. பெண்கள் இதற்காகவே ஆன்லைனுக்குப் போவது எனக்கு நன்றாகப் புரிகிறது.

கோபத்தில் போட்ட ஆர்டர் ஆனதால் அதிலும் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டால் அணைக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும், டைலர் தைத்தாலும் சரி, நூல் கோத்துக்கொண்டிருந்தாலும் சரி. சர்வோ மிதித்தால்தான் சுற்றும். கரண்டு குறையும், இரைச்சலும் கிடையாது. 550 வாட் சர்வோ, டவுன் விலையைவிட 1,200 குறைவு. பார்சலைப் பிரிக்கும்போது மகனை வீடியோ எடுக்கச் சொன்னேன். பெட்டியின் நாலு பக்கம், ஒட்டியிருக்கும் சீட்டு, டேப்பை அறுப்பது, உள்ளே இருப்பது எல்லாம் நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோ. பின்னால் சண்டை வந்தால் அது ஒன்றுதான் சாட்சி. மோட்டார் நன்றாகத்தான் வந்திருந்தது. மாட்டினால் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. கிளட்ச் மோட்டார் உட்கார்ந்திருந்த உயரம் வேறு, இதன் உயரம் வேறு, புல்லியும் சின்னது. பழைய பெல்ட் எம்-42, இதற்கு எம்-40 வேண்டும். நாற்பது ரூபாய்ப் பெல்ட்டுக்காக மெஷின் ஒரு நாள் நின்றது. பெல்ட் மாட்டி மிதித்தால் ஓவர்லாக் பின்னோக்கிச் சுற்றுகிறது. சிங்கரின் சக்கரம் நம்மை நோக்கிச் சுற்றும், ஓவர்லாக் அதற்கு எதிர்ப்பக்கம். மோட்டார் சிங்கருக்கென்று வைத்து வந்திருக்கிறது. திசையை மாற்ற கன்ட்ரோல் பாக்ஸில் ஒரு செட்டிங் உண்டு. எந்த எண் என்று கூட வந்த காகிதத்தில் சீன மொழியில் இருந்தது. யூடியூபில் யாரோ ஒரு வடநாட்டு மெக்கானிக் இந்தியில் சொன்னதை, ஒரு வார்த்தை புரியாமல், விரல் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்து மாற்றினேன். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அது சரியான பக்கம் சுற்றியபோது வந்த சந்தோஷம் 1,200 ரூபாய்க்கு மேலேயே இருக்கும்.

வாங்கிய ஏழாம் மாதம் கன்ட்ரோல் பாக்ஸ் போய்விட்டது. வாரன்டி ஒரு வருடம். ஆனால் மோட்டாரைக் கழற்றி, பெட்டி கட்டி, வேறு மாநிலத்துக்கு என் செலவில் அனுப்ப வேண்டும், பார்த்துத் திருப்பி அனுப்ப மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் ஒரு ஓவர்லாக் நின்றால்? சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் மெஷின் அது. டவுனில் போர்டு ரிப்பேர் பார்ப்பவரிடம் 950 கொடுத்துச் சரிசெய்தேன். மிச்சம் பிடித்த 1,200-இல் பெல்ட், ரிப்பேர், ஒரு நாள் கூலி போக ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த இரண்டு சர்வோவையும் நூல் வாங்கும் கடைக்கார அண்ணன் மூலமாகத்தான் வாங்கினேன். விலையைப் பேசினேன், ஆன்லைன் விலையை ஃபோனில் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பாதி தூரம் இறங்கி வந்தார். மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்பினார். ஒன்று கெட்டபோது, ரிப்பேர் ஆகிற வரை ஓட்டுவதற்கு ஒரு பழைய மோட்டாரைக் கொடுத்தார். அந்த மாற்று மோட்டாரை எந்தப் பில்லிலும் எழுதவில்லை.

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. ஜாப் ஒர்க் என்பது சேவைக் கணக்கில் வரும், வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிய வேண்டாம். அதனால் நாங்கள் கட்டும் வரி திரும்பி வராது, அது சாமான் விலையோடு சேர்ந்த செலவு. ஜிஎஸ்டி நம்பர் உள்ளவர்கள் ஆன்லைனில் அதைப் பதிந்து பில் எடுத்தால் வரியைக் கழித்துக்கொள்ளலாம், அவர்களுக்குக் கணக்கே வேறு. ஒரே மோட்டார் அவர்களுக்கு மலிவு, எனக்கு இல்லை. விலையை ஒப்பிடும்போது இதை யாரும் யோசிப்பதில்லை.

ஆனால் பில் மட்டும் எங்கே வாங்கினாலும் கேட்டு வாங்க வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருந்தால் பயந்துவிடக் கூடாது. 2019 நுகர்வோர் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். தொழிலுக்கு வாங்கினால் இது செல்லாது என்பார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஆன்லைனுக்கு 2020-இல் தனி விதி வந்தது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் ஒருமுறை 1915-க்கு, அது தேசிய நுகர்வோர் உதவி எண், அடித்திருக்கிறேன். ஊசி இறங்கும் தகடான ஊசித்தட்டு வேறு சைஸில் வந்திருந்தது. அதைத் திருப்பி எடுக்க ஆள் வராமலே "வந்து பார்த்தோம், வீட்டில் யாரும் இல்லை" என்று மூன்று முறை போட்டுவிட்டார்கள். புகார் நம்பர் வாங்கி அனுப்பிய நாலாம் நாள் பணம் வந்தது. அந்தத் துண்டுச் சீட்டுக் கடையில் இப்படி ஒன்றும் செய்ய முடியவில்லை, என்னிடம்தான் பில்லே இல்லையே.

ஆன்லைனால் வந்த பெரிய லாபம் என்று கேட்டால் எனக்கு விலை ஞாபகம் வருவதில்லை. அங்கே வாங்கப் போய்த்தான் நம்பர் பார்க்கப் பழகினேன். லூப்பர், துணியை நகர்த்தும் பல், ஊசித்தட்டு எல்லாவற்றிலும் பொடி எழுத்தில் நம்பர் குத்தியிருக்கும். ஆயிலைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தால் தெரியும். ஆறு மெஷினிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கழற்றி, ஒவ்வொன்றையும் ஃபோட்டோ எடுத்து, உடைந்த ஊசி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தேன். பெல்ட் நம்பரும் தேய்ந்து அழிவதற்குள் எழுதினேன். அதிலிருந்து கடையிலும் மரியாதை மாறிவிட்டது. "லூப்பர் குடுங்க" என்று போனவள் இப்போது நம்பரைச் சொல்கிறேன். டூப்ளிகேட்டை எடுத்து வைக்கும் கை ஒரு நொடி யோசிக்கிறது.

இப்போது என் வழக்கம் இப்படி இருக்கிறது. பாபின், டெஃப்லான் பாதம், காந்த விளக்கு, நூல் வெட்டும் கட்டர், டேப் போன்றவற்றை மொத்தமாக ஆன்லைனில் போடுகிறேன், நாலு நாள் தாமதமானாலும் வேலை நிற்காது. ஊசி, நூல், ஆயில், மோட்டார் கடையில். மெஷினில் ஏதோ சத்தம் வருகிறது, எந்த சாமான் என்று தெரியவில்லை என்றால் யோசிக்காமல் பஸ் ஏறிவிடுவேன். சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பேரிங் இல்லீங்க, பல்லு தட்டுல இடிக்குது" என்றார். இடித்தது பல்தான்.

அப்புறம் சனிக்கிழமை. எங்கள் ஊரில் சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். பார்ட்டியிடமிருந்து பணம் வருவது அதற்கு முன்னும் ஆகும், பின்னும் ஆகும். புதன்கிழமை கையில் காசு இருக்காது, ஆனால் நூல் தீரும். கடையில் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு ஆறு கோன் தருவார்கள். இதைக் கடன் என்று சொன்னால் அண்ணனுக்கே பிடிக்காது, "கணக்கு" என்பார். அவர் அதில் வைக்கும் லாபமும் எனக்குத் தெரியும், கோனுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடத்தான். நாலு நாள் தவணைக்கு அது பரவாயில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மறுநாள் காலை டெலிவரி. சாயங்காலம் ஆறரைக்கு நடு ஓவர்லாக்கில் கீழ் லூப்பர் முறிந்தது. அடுத்த நாள் வந்துவிடும் என்று ஃபோனில் காட்டியது, அதற்குக் கூடுதல் காசும் கேட்டது. அண்ணனுக்கு அடித்து நம்பரைச் சொன்னேன். "இருக்குது அம்மிணி. ஏழு மணி வண்டியில கண்டக்டர்கிட்ட குடுத்து உட்டர்றேன்" என்றார். கொங்கு நாட்டில் தனியார் பஸ் என்றால் பாதி கூரியர். பூவும் வரும், மாத்திரையும் வரும், மோட்டார் சாமானும் வரும்.

ஏழே முக்காலுக்கு ஸ்டாப்பில் நின்றேன். கண்டக்டர் தம்பி ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை நீட்டினார். இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு அங்கேயே பிரித்தேன். உடைந்த லூப்பரை முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் பஸ்ஸின் முன் விளக்கு வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து நம்பரைப் பார்த்தேன். முதல் நாலு எண் சரி. கடைசி எண் வரைக்கும் விரல் வைத்துப் படித்தேன்.

"என்னக்கா, தங்கமாட்டம் பாக்கறீங்க" என்றார் கண்டக்டர்.

"இருங்க தம்பி, இன்னும் ஒரு நம்பர்" என்றேன். அதுவும் சரியாக இருந்தது. அவர் விசில் அடித்தார், வண்டி குன்னத்தூர் ரோட்டில் திரும்பியது.